நியமன நாற்காலியில் ஒரு வாத்தியார்

போன புரட்டாசி ரோகிணிக்கு எங்கள் கிளையில் திருநாளைப்போவார் குருபூஜை வைத்தோம். தேவாரம் பாடி முடிந்ததும் பதினைந்து நிமிடம் நாயனார் கதை சொல்வது என் வேலை. சொன்னேன். ஆதனூர், திருப்புன்கூரில் நந்தி விலகினது, தில்லைக்கு நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று தள்ளிக்கொண்டே போனது, கடைசியில் தீயில் இறங்கி எழுந்தது. நல்லாத்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டு உட்காரப் போனேன். மூன்றாம் படிவம் படிக்கிற ஒரு பையன் கையைத் தூக்கினான். நந்தனார் உள்ளே போயிட்டார் அண்ணே, சரி. அவரோட சொந்தக்காரங்க எப்போ உள்ளே போனாங்க?

எனக்குப் பதில் தெரியவில்லை. பிரசாதம் கொடுக்கிற நேரம் ஆயிடுச்சு என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. காரணம், எங்கள் பாட்டி. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பத்து வயசிலேயே பால்வாளி தூக்கினவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றி எவ்வளவோ கதை சொல்வார். அதில் எங்கேயும் அவர் கோயிலுக்கு உள்ளே இருக்க மாட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். சின்ன வயசில் நான் அதைக் கூட்ட நெரிசல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருத்தர் இருக்கிறார். பள்ளியை விட்டதும் சில வருடம் நகராட்சி மன்ற உறுப்பினராகவும் இருந்தவர். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டத்தோடு அது முடிந்தே போனது, அதனால் மன்ற உறுப்பினர் எல்லாருமே நியமனம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டு வாங்காமல் வந்த ஆள்தானே என்று அவரைக் கிண்டல் பண்ணினவர்களும் உண்டு. ஐயா அதற்குக் கோபப்பட மாட்டார். கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, சுடுகாட்டுக்குப் போகிற பாதை என்று மனு எழுதிக்கொண்டே இருப்பார். அவரிடம் போய் அந்தப் பையனின் கேள்வியைச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து நகலெடுத்த கற்றை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு பெயர் எழுதியிருந்தது: எம்.சி. ராஜா. அவரும் வாத்தியார்தான் தம்பி, அவருக்கும் நாற்காலியை மற்றவங்கதான் கொடுத்தாங்க, என்றார் ஐயா. அன்றிலிருந்து லேப் ரிப்போர்ட் எல்லாம் தாமதம்.

மயிலை சின்னத்தம்பி பிள்ளை ராஜா 1883 ஜூன் 17-ல் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையில் பிறந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பம். அப்பா லாரன்ஸ் அசைலம் என்ற வெள்ளைக்கார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கொஞ்சம் எழுத்து வாசனை உள்ள வீடு. அந்த ஒரு வசதிதான் மகனைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அது எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு அந்த மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். பரங்கிமலை அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். ராஜாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1891-ல், அந்த மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் என்பவர் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சொந்த நிலம் கிடையாது, குடியிருக்கிற மனைகூட மிராசுதாரர் தயவில், கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைப்பு. படிப்பு என்ற பேச்சே இல்லை. கெடா தோட்டங்களுக்கு வந்த நம் பூட்டன், பாட்டன்களில் பலர் இந்தச் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்து ஆட்கள்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினவர்கள். ஏன் வந்தாங்க என்ற கேள்விக்குக் கங்காணி ஆசை காட்டினான் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். எதை விட்டு ஓடி வந்தாங்க என்று நாம் கேட்பது குறைவு.

ராஜா ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அப்புறம் வாத்தியார் ஆனார். பிள்ளைகளுக்கான பாடநூல்களும் எழுதினார். மிஷன் பள்ளியில் படித்தவர், ஆனால் கடைசி வரை இந்துவாகவே இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே காலத்தில் அதே சமூகத்திலிருந்து வந்த அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார். கிறிஸ்தவத்துக்குப் போனவர்கள் ஏராளம். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தினவர்கள் நாம். இருந்தும் இந்த மனுஷர் வாசலிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இழுத்தது.

இளம் வயதிலேயே செங்கல்பட்டு மாவட்டத்து உள்ளாட்சி வாரியத்தில் அவருக்குப் பொறுப்பு வந்தது. இன்றைக்கு நகராட்சி என்றால் நமக்குக் குப்பை லாரியும் பார்க்கிங் சம்மனும்தான் ஞாபகம் வரும். அன்றைய சென்னை மாகாணத்தில் மாவட்ட வாரியமும் தாலுகா வாரியமும் அப்படி இல்லை. ஆரம்பப் பள்ளி, சாலை, பொதுக் கிணறு, சத்திரம், மருந்தகம் எல்லாம் அவர்கள் கையில். ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்குள் நுழையலாம், ஒரு பெண் எந்தக் கிணற்றில் குடத்தை இறக்கலாம் என்பதெல்லாம் நடைமுறையில் அங்கேதான் முடிவாகும். சட்டப்படி பொதுப் பள்ளி எல்லாருக்கும் திறந்ததுதான். ஆனால் பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும். அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்கக்கூடாது என்றால் பிள்ளை எப்படி வகுப்புக்குப் போகும்? கதவில் பூட்டு இல்லை, தெருவிலேயே பூட்டு. வாத்தியார் வேலை பார்த்த ஒருத்தருக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமாக இருந்திருக்காது.

1916-ல் ராஜா ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளர் ஆனார். நீதிக்கட்சியிலும் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். 1919 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 1920 தேர்தல் முடிந்து புதிய சென்னை சட்டமன்றம் கூடியபோது, தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அதில் இடம் பெற்றார். அந்த மன்றத்துக்குள் போன அந்தச் சமூகத்தின் முதல் ஆள் அவர்தான். ஓட்டுரிமை அன்றைக்குச் சொத்தையும் வரியையும் பொறுத்தது. நிலமே இல்லாத ஜனத்துக்கு ஓட்டு ஏது? ஓட்டு இல்லாத ஜனத்தின் ஆள் தேர்தலில் ஜெயிப்பது எப்படி? அதனால் அந்த இடங்களை அரசாங்கம் நியமனத்தால் நிரப்பியது. கவர்னர் கொடுத்த நாற்காலி. வேண்டும் என்றால் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் அடுத்த தடவை வேறு ஆளைப் போடலாம். அதில் உட்கார்ந்துகொண்டு என்ன பண்ண முடியும்?

அவர் முதலில் கை வைத்தது ஒரு சொல்லின் மேல். அரசாங்கக் காகிதங்களில் அந்த மக்களைக் குறிக்கப் பறையர், பஞ்சமர் என்று எழுதுவார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் அதுதான். அவற்றை எடுத்துவிட்டு ஆதி திராவிடர் என்றும், தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-ல் அரசாங்கம் அதை ஏற்று உத்தரவு போட்டது. முதல் தடவை படித்தபோது எனக்கு இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. கிணறு இல்லை, நிலம் இல்லை, போயும் போயும் பேருக்கா சண்டை என்று. ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, முப்பது வருஷம் வருகைப் பதிவேடு கூப்பிட்டவனைக் கேள் தம்பி என்றார். காலையில் பதிவேட்டைத் திறந்து ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர் வாத்தியார் ஒருத்தர்தான். ராஜா மனதில் என்ன இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும், ஆனால் இந்தத் தீர்மானம் ஒரு வகுப்பறையிலிருந்துதான் புறப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தச் சொல்லை மாற்றியதால் எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. இன்றைக்கும் நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை என்ன ஆளுங்க என்று மெதுவாக விசாரிக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே, மைக்ரோகண்ட்ரோலரில் நிரல் எழுதத் தெரிந்த ஒரு நண்பன், சாதிப் பெயரில் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்க்கலாமா என்று முதலில் என் பாட்டன் ஊரைக் கேட்டான். சரி, அதை விடுவோம்.

நீதிக்கட்சியோடு ராஜாவுக்கு ரொம்ப நாள் ஒத்துப்போகவில்லை. 1921-ல் பனகல் அரசர் ஆட்சி பிராமணர் அல்லாதாருக்கு அரசு வேலையில் பங்கு ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பங்குக்குள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று தனியாக ஒன்றும் வைக்கவில்லை. ராஜா ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். பலன் இல்லை. அதே வருடம் சென்னையில் பக்கிங்காம் கர்நாட்டிக் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. அது புளியந்தோப்புக் கலவரமாக முடிந்தது, குடிசைகள் எரிந்தன. கட்சியின் பெரிய தலைவர்களோ, அரசாங்கம் இவர்களுக்குச் சலுகை காட்டியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று பேசினார்கள். தன் ஜனத்தின் வீடு எரியும்போது தன் கட்சிக்காரர்களே இப்படிப் பேசினால் ஒரு மனுஷன் எங்கே போவான்? 1923-ல் கட்சியை விட்டு வெளியே வந்தார். வேலைநிறுத்தம் உடைந்ததில் அந்தத் தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு என்று தொழிற்சங்கப் பக்கம் இருந்து சொல்கிறவர்கள் உண்டு. தோட்டத்தில் சங்கம் கட்டி அடி வாங்கின குடும்பங்களிலிருந்து வருகிற நமக்கு அந்தப் பக்கமும் புரியும். பட்டினிக்குப் பயந்த ஆளைக் குற்றவாளி ஆக்குவதும் எளிது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1925-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயருக்குத் தமிழில் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள். தலைப்பிலேயே இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார் பாருங்கள். இந்து என்றால் ஒடுக்கப்பட்டவனை மறக்காதே, ஒடுக்கப்பட்டவன் என்றால் அவன் இந்து இல்லை என்று தள்ளிவிடாதே. இரண்டு பக்கத்தாருக்கும் பிடிக்காத தலைப்பு.

அடுத்த வருடம் நாக்பூரில் இந்தியா முழுவதிலிருந்தும் தாழ்த்தப்பட்டோர் தலைவர்கள் கூடி ஓர் அகில இந்திய அமைப்பைத் தொடங்கினார்கள். ராஜா தலைவர். துணைத்தலைவர்களில் ஒருவராக, பம்பாயைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்தான் அம்பேத்கர். 1927-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கு ராஜா நியமிக்கப்பட்டார். இந்தியா முழுக்க உள்ள தாழ்த்தப்பட்ட மக்களுக்காக அந்தச் சபையில் ஒரே ஒரு குரல். பத்து வருடம் அங்கே இருந்தார்.

இந்தப் பத்து வருடத்தில்தான் அவரைப் பற்றிய சர்ச்சை எல்லாம். சைமன் குழுவைக் காங்கிரஸ் புறக்கணித்தபோது, அதோடு ஒத்துழைத்த இந்திய மத்தியக் குழுவில் இவர் உட்கார்ந்தார். ராவ் பகதூர் பட்டமும் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் ஆள் என்று பேர் வாங்க இவ்வளவு போதாதா? அப்படி ஒத்துழைத்தவரை, 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வெள்ளைக்காரன் கூப்பிடவே இல்லை. அம்பேத்கரும், சென்னையிலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். கொடுத்த நாற்காலியின் குணம் அதுதான் போல.

1932-ல் அவர் எடுத்த முடிவு இன்றைக்கும் பேசப்படுகிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தனியாகத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி வேண்டும் என்பது அம்பேத்கரின் நிலை. ராஜாவும் முன்பு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தவர்தான். திடீரென்று இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். எல்லா இந்துக்களும் சேர்ந்து ஓட்டுப் போடும் கூட்டுத் தொகுதி, அதில் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கப்பட்ட இடங்கள். அம்பேத்கர் பக்கம் கோபம் கொதித்தது. சீனிவாசனும் எதிர்த்தார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் தனித்தொகுதியைக் கொடுத்தது, செப்டம்பர் 20-ல் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போனது. ஒதுக்கிய இடங்கள் 71-லிருந்து 148 ஆனது. கூட்டுத் தொகுதி என்ற ராஜாவின் வழிதான் கடைசியில் வந்தது. அவரும் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தர்.

இது சரியா தப்பா என்று நான் ஐயாவோடு ஒரு மாலை முழுக்க வாதாடினேன். என் கட்சி இதுதான்: ராஜா அவசரப்பட்டார். சாதி இந்துக்களின் ஓட்டை நம்பி ஜெயிக்கிற ஆள், சாதி இந்துக்களுக்குப் பிடித்த ஆளாகத்தானே இருப்பான்? அம்பேத்கர் கேட்டதும் அதைத்தானே? ஐயா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார். கிராமத்தில் பத்து வீடு இவங்க, நூறு வீடு அவங்க. வேலை, கூலி, தண்ணி, பாதை எல்லாம் அவங்க கையில். அந்த நூறு வீட்டோட பேச்சுவார்த்தையே இல்லாமல் வாழ முடியுமா என்று கணக்குப் போட்ட ஒருத்தரின் முடிவு அது. கணக்கு சரியா என்பது வேற விஷயம். எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ராஜாவுக்கே ஆகவில்லை என்பதுதான் அடுத்த கதை.

1937-ல் சென்னையில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரிசபை அமைந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரைதான் ஆயுள். அதில் ராஜா வளர்ச்சித் துறை மந்திரி. நாலு மாதத்தில் என்ன செய்ய முடியும், விடுங்கள். ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. மந்திரி பதவி போன பிறகு, சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருந்த 1938-ல்தான் அவர் வாழ்க்கையின் பெரிய இரண்டு மசோதாக்களும் வந்தன.

முதலாவது, சமூக உரிமைத் தடைகளை நீக்கும் மசோதா. பொதுச் சாலை, பொதுக் கிணறு, போக்குவரத்து, பொது நிறுவனம் எதிலும் சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது, தடுத்தால் குற்றம், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று யாராவது சொன்னால் நீதிமன்றம் அதைக் காதில் வாங்கக்கூடாது. ராஜாஜியின் ஆதரவோடு சட்டமாயிற்று. இருபது வருடத்துக்கு முன்னால் உள்ளாட்சி வாரியத்தில் பார்த்த அதே கிணறு, அதே தெரு. இப்போது மாகாணம் முழுமைக்கும் சட்டம்.

இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா. 1936 நவம்பரிலேயே திருவிதாங்கூர் மகாராஜா தன் சமஸ்தானத்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? காந்தியும் காங்கிரசும் கோயில் நுழைவைப் பேசாத நாள் இல்லை. ஆட்சியும் காங்கிரசின் கையில். பூனாவில் கையெழுத்துப் போட்டபோது நம்பியதெல்லாம் இதற்குத்தானே. ஆனால் ராஜாஜி, இது முழு மாகாணத்துக்கும் ஒரே அடியில் வேண்டாம், மலபாருக்கு மட்டும் முதலில் ஒரு சட்டம் நானே கொண்டுவருகிறேன், உங்கள் மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்றார். ராஜா காந்திக்கு எழுதிப் பார்த்தார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. ராஜா மசோதாவை விடவில்லை. ஓட்டுக்கு வந்தது. தோற்றது. கோயில் நுழைவுக்காக ஊர் ஊராகப் பேசினவர்கள் நிறைந்த அவையில் கோயில் நுழைவு மசோதா தோற்றது.

நான் ராஜாஜியை வில்லனாக்க வரவில்லை. அடுத்த வருடமே, 1939 ஜூலை 8-ல், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் மேல் வழக்கு வராமல் காக்கச் சட்டம் கொண்டுவந்ததும் ராஜாஜிதான். நேரம் பார்த்து நகர்கிற அரசியல் அவருடையது. ஆனால் வாசலில் நிற்கிறவனுக்கு உள்ளே இருக்கிறவன் நேரம் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த ஓட்டெடுப்பு நாளில் ராஜா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஐம்பத்தைந்து வயது அவருக்கு.

அதே 1938-ல்தான் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. கங்காணி முறை முடிந்தது. அதற்கு முன் வந்துவிட்டவர்கள் அங்கே இருந்த கயிற்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். பல தோட்டங்களில் லயமே பிரித்துக் கட்டியது. கோயிலும் அப்படியே. 1929 கடைசியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கிச் சாதியைப் பற்றிப் பேசினதும், அந்தக் காலத்தில் இங்கேயும் ஆதி திராவிடர் சங்கங்கள் உருவானதும் நம் பாடப்புத்தகத்தில் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. சென்னை மாகாணத்துச் சட்டம் கடல் தாண்டி வராது. வெள்ளைக்காரத் துரைக்குப் பால் வந்தால் போதும், கோயிலில் யார் எங்கே நின்றால் அவனுக்கென்ன?

1938-க்குப் பிறகு ராஜா மறுபடி அம்பேத்கர் பக்கம் நகர்ந்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, இருவரும் சேர்ந்தே போய்ப் பார்த்து, இந்தத் திட்டத்தில் எங்கள் ஜனத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எதிரெதிர் பக்கம் நின்றவர்கள். முன்பு எடுத்த முடிவு தப்பாகிவிட்டதோ என்று நினைத்தால் இடத்தை மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. இதை நிலையில்லாதவர் என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சி மாறினாரே தவிர, கேட்டது மாறவே இல்லை. பள்ளி, கிணறு, தெரு, கோயில். கடைசி வரைக்கும் அதே நாலு.

1943 ஆகஸ்டில், அறுபது வயதில் காலமானார். சென்னை மாகாணக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்த சட்டம் 1947-ல் வந்தது. நாலு வருடம் தப்பிப் போனது. சைதாப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி ஒன்று இருக்கிறது. கிராமங்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் தங்குகிற இடம். சிலைகளை விட அந்த விடுதி அவருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். நானும் விடுதியில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன், அதனாலும் இருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு முடிந்ததும் அந்தப் பையனைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். மதுரையில் 1939. சட்டமாக 1947. அதற்கு முன்னால் 1938-ல் ஒரு வாத்தியார் கேட்டுத் தோற்றார். அவன் தலையை ஆட்டினான். அப்புறம் கேட்டான்: அது அங்கே அண்ணே. நம்ம தோட்டத்துக் கோயிலில் எப்போ?

இந்தத் தடவை பாட்டியிடம் போனேன். வெத்தலையை மடித்துக்கொண்டே யோசித்தார். அந்த வருஷம் திருவிழாவுக்குத் தாத்தாவும் இன்னும் ஏழெட்டு இளவட்டங்களும் சங்கத்து ஆட்களை வைத்துக்கொண்டு கோயில் கமிட்டியிடம் போய்ப் பேசினார்களாம். இரண்டு நாள் பேச்சு. ஒருத்தர் சரி என்றால் இன்னொருத்தர் முடியாது என்று எழுந்து போவாராம். மூன்றாம் நாள் யாரோ வந்து கயிற்றை அவிழ்த்தாராம். யார் என்று பாட்டிக்கு ஞாபகம் இல்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது கை நடுங்கி, தேங்காய் உருண்டு கீழே விழுந்துவிட்டதாம். அதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

எந்த வருஷம் பாட்டி என்றேன். தெரியலப்பா, பெரிய மாமா வயிற்றில் இருந்தான் என்றார். மாமாவுக்குப் போன் பண்ணி ஐ.சி. எண்ணைப் பார்க்கச் சொன்னேன். எதுக்குடா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். கிளை நோட்டில், நந்தனார் குருபூஜைக் குறிப்புக்குக் கீழே, 1961 என்று எழுதிவைத்திருக்கிறேன்.